வாயைத் திறப்பதற்கு முன்

“எவ்வளவுங்க ஆகும்?” என்று கேட்பதற்கு எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒருபோதும் குரலைத் தாழ்த்தியதில்லை. கடைக்காரரிடம் அப்படிக் கேட்பதில் வியப்பொன்றும் இல்லை. அங்கே எல்லோரும்தான் கேட்கிறார்கள். அவரோ வழக்கறிஞரிடம் கேட்பார், பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்பார், பூசைக்குப் பங்குத்தந்தையிடம் கேட்பார், மருத்துவரிடமும் கேட்பார். எங்கள் பக்கத்தில் மருத்துவரிடம் தொகை கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் அரிசி என்ன விலை என்று கேட்பதற்கு ஒப்பானது. “நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று கைகட்டி நிற்போம். அவர்கள் சொன்னதை இரு கைகளாலும் நீட்டுவோம். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இந்தப் பணிவை அவர் ஏளனம் செய்ததில்லை. அவரும் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ சேர்த்தே பேசினார். அந்த ‘ங்க’வை விடாமலே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் சிங்காநல்லூரை அடுத்த ஒரு லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எதிரெதிராக நான்கு நான்கு வீடுகள், நடுவில் ஒரு நீர்க்குழாய். என் கணவர் மோட்டார்ப் பட்டறையொன்றில் கடைசல் வேலை பார்த்தார். நான் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் தமிழாசிரியை. எங்களுக்கு ஒரே மகள். அந்த அக்கா எங்களுக்கு நேர் எதிர்வீடு. கணவரை இழந்தவர், மகன் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை பார்த்தான். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் நின்று வேலை செய்தவர். ஆலை மூடிய பின்பு மகளிர் விடுதியொன்றின் சமையற்கட்டுக்குப் போய்வந்தார். எந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. நான்கு பேர் அமர்ந்திருக்கும் சிறிய அறையிலும், நாற்பது எந்திரங்கள் ஓடிக்கொண்டிருப்பதுபோலவே பேசுவார். ஆகவே அவர் ஒருவரிடம் கேட்ட விலை, அங்கிருக்கும் அனைவரும் கேட்ட விலையாகிவிடும்.

அவருடைய மகனின் திருமணத்துக்குக் கோவிலில் அறிவிப்பு ஓலை எழுத நானும் உடன் போயிருந்தேன். பங்குத்தந்தை ஏட்டைத் திறப்பதற்குள் இவர் தொடங்கிவிட்டார்.

“சாமி, பாட்டுப் பூசைன்னா எவ்வளவு, பாட்டு இல்லாமன்னா எவ்வளவுங்க சாமி?”

“கலியாணத்துல பாட்டு வேண்டாமா அம்மா?”

“பாட்டு நாங்களே பாடிக்குவோமுங்க. ஆர்மோனியப் பொட்டி வாசிக்கற தம்பிக்கு மட்டும் தொகையச் சொல்லிப்போடுங்க. அப்பறம் மணி அடிக்கறதுக்கும் தனியா, இல்லீன்னா அது பூசையில சேந்துதுங்களா?”

பங்குத்தந்தை சிரித்தே விட்டார். எனக்கோ தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த மாதம் பங்கு அலுவலக வாயிலில், எந்தச் சடங்குக்கு என்ன காணிக்கை என்று எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதைப் பார்த்தவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒருமுறை அதைப் படித்துவிட்டே போனார்கள்.

இதைக் கஞ்சத்தனம் என்று நானும் சில காலம் எண்ணியிருந்தேன். அவர் கஞ்சர் அல்லர். கிறித்து பிறப்பு நாளில் எட்டு வீடுகளுக்கும் அவர் கொடுத்தனுப்பும் பலகாரத் தட்டில் குறை ஒன்றும் இராது. ஒருமுறை, வெங்காயம் உரித்துக்கொண்டே, எனக்குச் சொல்வதாகவும் இல்லாமல், தனக்குச் சொல்வதாகவும் இல்லாமல், அவர் சொன்னது இது:

“என்ற அப்பன் ஆனைமலைப் பக்கம் பண்ணையத்துல இருந்துச்சு அம்மணி. என்ன கூலின்னு கேக்கறதே இல்லை. பொழுது எறங்குனா அவங்களா அளந்து போடுவாங்க, துண்டை விரிச்சு வாங்கிக்கோணும். ஒரு நா எங்காத்தா, ‘இன்னிக்கி எத்தனைங்க?’ன்னு கேட்டுப்போட்டா. அன்னிக்கி ராத்திரி அப்பனே அவளை அடிச்சுது. ‘கேக்கறவங்களுக்கு நாளைக்கி வேலை இருக்குமாடி’ன்னு.”

உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பல் மருத்துவத்தில் அவருக்கு ஈடுபாடு வந்ததற்கு நான்தான் காரணம். அதற்கு முன்பெல்லாம் எங்கள் பகுதியில் ஒரே ஒரு பல் மருத்துவர் இருந்தார். முதியவர், ஓர் அறை, ஒரு சுழல் நாற்காலி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு மேசை இழுப்பறையில் போடும் கை. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பெருஞ்சாலையில் மூன்று புதிய பல் மருத்துவமனைகள் எழுந்தன. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வெளிநாட்டு நாற்காலி, வெள்ளைச் சுடிதார் அணிந்து சீட்டு எழுதும் பெண். முன்பு ‘பல் அடைப்பது’ என்ற ஒரே சொல்லாக இருந்தது, அங்கே பல சொற்களாகப் பிரிந்திருந்தது. பார்வைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, மரத்துப்போகும் ஊசிக்கு ஒன்று, சுத்தம் செய்வதற்கு ஒன்று, அடைப்பதற்கு ஒன்று. எய்ட்ஸ் நோயின் அச்சம் எங்கும் பேசப்பட்ட நாட்கள் அவை. புது ஊசிக்கும் புதுக் கையுறைக்கும் தனித்தனியே தொகை போட்டார்கள்.

என் கடைவாய்ப் பல்லை அடைக்கப் போனபோது இருநூறு ரூபாய் ஆகும் என்று நினைத்துப் போனேன். நினைத்தது நான், எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வரும்போது அந்த மாதத்து வாடகையில் பெரும் பகுதியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மரத்துப்போன உதட்டோடு வீட்டு வாசலில் நின்று அவரிடம் அதைச் சொன்னேன்.

“ஏன் அம்மணி, முதல்லயே கேக்க வேண்டியதுதானே?”

“டாக்டர்கிட்ட எப்படிங்க்கா கேக்கறது? பாதியில கேக்கலாம்னு பாத்தா வாய்க்குள்ள கருவி இருக்குது.”

“அதான் சொல்றேன். வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தொகை கேக்க முடியுமா? திறக்கறதுக்கு முந்திக் கேக்கோணும். இத்தனை படிச்சிருக்கறே, இது ஒண்ணு உன்ற பாடத்துல வரலியாக்கும்?”

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம், மூன்றாம் வீட்டுப் பெண் தன் இரு பிள்ளைகளுக்கும் பல்வலி என்றதும், என்னைக் கேட்கவில்லை. அவரைத்தான் துணைக்கு அழைத்துப் போனார். பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. லைன் வீட்டில் எவருக்குப் பல் வலித்தாலும் விடுதி வேலை முடியும்வரை அவருக்காகக் காத்திருந்தார்கள். விழுங்கக்கூட முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு.

அவர் போகும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. நோயாளியை நாற்காலியில் அமர விடமாட்டார். முதலில் மருத்துவர் நின்றபடியே பார்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று கேட்பார். சொன்னதும், “அதுல என்னென்னங்க சேந்துது?” என்று கேட்பார். அதன் பின்புதான் “ஒக்காரு கண்ணு” என்ற சொல் வரும். கையுறைக்குத் தனித்தொகை என்றபோது அவர் கேட்டது எங்கள் பகுதி முழுதும் பரவியது.

“கையுறை உங்க கைக்குப் போடறதுங்க. எங்க வாய்க்குப் போடறதுன்னா நாங்க குடுக்கலாம்.”

அந்த மருத்துவர் இளைஞர், தீயவர் அல்லர். கைத்திறன் உள்ளவர் என்பதை நானே அறிவேன். “அம்மா, இந்த நாற்காலிக்கு மாசாமாசம் நான் பேங்குக்கு எவ்வளவு கட்டறேன் தெரியுமா?” என்று ஒருநாள் அவரே மனம் நொந்து கேட்டார்.

“தெரியாதுங்க டாக்டர். எங்க பல்லுலதான் கட்டறீங்கன்னு மட்டும் தெரியுமுங்க.”

சீட்டு எழுதும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை. மறுவாரம் ‘துணைக்கு வருபவர் ஒருவர் மட்டும்’ என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. அந்த ஒருவர் எவராக இருப்பார் என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

அக்கா வலது பக்கத்தால் மெல்லமாட்டார். அங்கே கடைவாய்ப் பற்கள் இல்லை. ஆலையில் இருந்த காலத்தில் பிடுங்கப்பட்டவை. “வலிக்குதுன்னு போனா மில்லு டிஸ்பென்சரில பிடுங்கி உட்டுப்போடுவாங்க. காசு வேண்டாம். காசு இல்லாதவங்களுக்குப் பிடுங்கறது, இருக்கறவங்களுக்கு ஒட்டறது.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இராது, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார்.

அவரோடு துணிக்கடைக்குப் போனது இன்னொரு படிப்பு. ஒப்பணக்கார வீதியில் சேலை எடுக்கும்போது, விலை படியவில்லையென்றால் சட்டென்று எழுந்துவிடுவார். ஆனால் விரைந்து நடக்கமாட்டார். “மெதுவா நட அம்மணி. திரும்பிப் பாக்காத. கூப்புடறதுக்கு அவங்களுக்கு நேரம் குடுக்கோணும்” என்பார். வாசற்படியைத் தாண்டுவதற்குள், “அக்கா, வாங்க, உங்களுக்காக ஒரு வெலை சொல்றேன்” என்ற குரல் பின்னாலிருந்து வரும். ஒருமுறைகூட அது வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குரல் வந்ததும் அவர் முகத்தில் தோன்றுவதை வெற்றி என்று சொல்ல முடியாது. தன்னை ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்ற நிறைவு அது.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று அகவை. பள்ளியில் கோ-கோ ஆட்டத்தில் ஓடி வந்து கம்பத்தில் மோதியதில், மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. உடைந்த இடத்தில் நரம்பு தெரிந்தது. இளம் மருத்துவர் பார்த்துவிட்டு, பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றார். வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே உறை போட வேண்டும். மூன்று முறை வர வேண்டும். அக்கா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். உறையும் சேர்த்து ஆயிரத்து இருநூறு என்று முடிவாயிற்று. என் கணவர் பட்டறையில் முன்பணம் வாங்கினார். முதல் நாள் வேலை நன்றாகவே நடந்தது.

இரண்டாம் முறை போனபோதும், துணைக்கு ஒருவர்தான் என்றார்கள். தாய் நான். நான்தான் உள்ளே போயிருக்க வேண்டும். “நீங்க போங்க அக்கா” என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே அமர்ந்தேன். தொகை பற்றிய பேச்சு வந்தால் என்னால் நிமிர்ந்து பேச முடியாது என்பதே அதற்குக் காரணம். வேறு காரணம் எதையும் இன்று நான் கற்பித்துக்கொள்ள விரும்பவில்லை. திரைக்கு அப்பால் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பல்லின் தற்காலிக அடைப்பை மருத்துவர் எடுத்துவிட்டிருந்தார். கருவியின் ஒலி நின்றது.

“அம்மா, வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு படம் எடுக்கணும். முன்பல்லுங்கறதால சாதாரண உறை நிறம் ஒத்துப்போகாது, பீங்கான்தான் போடணும். ரெண்டாயிரம் கிட்ட வந்துரும்.”

“போன வாரம் ஆயிரத்து எரநூறுன்னு சொன்னீங்களே டாக்டர்.”

“அது போன வாரம் பாத்ததை வெச்சுச் சொன்னதும்மா.”

“பல்லு அதே பல்லுதானுங்களே?”

“பொண்ணு வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு இருக்குது. இப்பப் பேசற பேச்சா இது?”

“அது வாயைத் திறந்து வெச்சிருக்கறப்பத்தானுங்களே நீங்களும் பேசறீங்க.”

கருவியைத் தட்டில் வைக்கும் ஒலி கேட்டது. பிறகு அவருடைய குரல், ஆலைக் குரல், எழுந்தது:

“எந்திரி கண்ணு. போலாம்.”

திரை விலகியது. என் மகள் வாயில் பஞ்சைக் கடித்தபடி, கழுத்தில் கட்டிய நீலத்துணியோடே வந்தாள். சீட்டு எழுதும் பெண் ஓடிவந்து அதை அவிழ்த்து வாங்கிக்கொண்டாள். அவர் என் கையைப் பற்றினார். “வா அம்மணி” என்றார், பிறகு மிக மெல்ல, அவர் அத்தனை மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை, “மெதுவா நட. திரும்பிப் பாக்காத” என்றார்.

அவர் என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் நிற்கவில்லை. அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அவரோடு நானும் மெதுவாக நடந்தேன். ஒரு குரலுக்காக நானும் காத்தேன். கண்ணாடிக் கதவருகே அவர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்து மாட்டினார். பின்னால் மணி ஒலித்தது. குரலும் வந்தது.

“அடுத்தவங்க வாங்க.”

மாடிப்படி இறங்கினோம். சாலையின் எதிர்ப்புறம் போய் நின்றோம். அவர் அந்த மாடிச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருந்துகள் வந்து போயின.

“கூப்புடுவாங்க” என்றார்.

“அக்கா, அவரு ஜவுளிக்கடைக்காரர் இல்லீங்க. டாக்டர்.”

“வெலை சொல்றவங்க எல்லாருமே ஒண்ணுதான் அம்மணி.”

“கூப்பிடலியே?”

அவர் மறுபடி அந்தச் சன்னலை அண்ணாந்து பார்த்தார். என் மகள் பஞ்சை எடுத்துவிட்டு, “அம்மா, காத்துப் பட்டாக் கூசுது” என்றாள்.

அடுத்த நாளே நான் திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. எழுந்து வந்த பிறகு அந்தப் படிகளில் மறுபடி ஏறுவதற்கு எனக்குக் கூச்சம்; “ஒரு வாரம் பொறு, வேற டாக்டரே இல்லியா இந்த ஊர்ல?” என்று அவருக்குப் பிடிவாதம். விடுதிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எங்களை நகருக்குள்ளும் சேர்த்து வேறு மூன்று மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போனார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்: இன்னொருவர் திறந்த பல், முதலிலிருந்து தொடங்க வேண்டும், முழுத் தொகையும் ஆகும். ஒருவர் கேட்டது இரண்டாயிரத்தையும் தாண்டியது. தான் எழுந்துவந்த விலையைவிட மேலான விலையை அவர் கேட்டுக்கொண்டு நின்ற காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. “அதுல என்னென்னங்க சேந்துது?” என்றுகூட அங்கே அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மேலுதடு தடித்து, மூக்கின் ஓரம் வரை வீங்கிவிட்டது. முதல் மருத்துவரிடமே ஓடினோம். இம்முறை நானும் கணவரும் மட்டும். மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை; கடிந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். சீழ் வைத்துவிட்டது, வேரும் நெடுக விரிசல் விட்டிருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது என்றார். “அன்னிக்கே முடிச்சிருந்தா?” என்று என் கணவர் கேட்டார். “முடிச்சிருந்தா ஒருவேளை நின்னிருக்கும். உறுதியாச் சொல்ல முடியாதுங்க” என்றார். பல்லை எடுத்த பிறகு, அந்த ‘ஒருவேளை’யை எவர் மேல் ஏற்றுவது என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அவர் வாசலில் நின்றிருந்தார். நான் முகம் கொடுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

“அவங்களை எதுக்கு நோகற?” என்றார் என் கணவர். “உள்ள போகச் சொன்னது நீதானே?”

நான்கு நாள்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவரே வந்தார். சேலையெல்லாம் வெண்மையான தூள் படிந்திருந்தது. வந்து கீழே அமர்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மகள் சுவரோரம் படித்துக்கொண்டிருந்தாள். இடைவெளியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே பேசும் பழக்கம் அந்தச் சில நாள்களிலேயே அவளுக்கு வந்துவிட்டிருந்தது. முழுதும் வளர்ந்த பிறகுதான் நிலையான பல் கட்ட முடியும்; அதுவரை கழற்றி மாட்டும் பல் போதும்; அதற்கு எண்ணூறு ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“பல்லு கட்டற எடத்தைக் கண்டுபிடிச்சுப்போட்டேன்” என்றார் அவர்.

“எந்த இடம்?”

“டாக்டருங்க ஆருமே அவங்களாப் பல்லு செய்யறதில்லை அம்மணி. அளவு மட்டுந்தான் எடுக்கறாங்க. பொழுதோட ஒருத்தரு சைக்கிள்ல வந்து பொட்டலம் வாங்கிட்டுப் போறாரு. அவரைப் புடிச்சுக் கேட்டேன். டவுனுக்குள்ள ஒரு சந்துல ஒக்காந்து ஒரு பெரியவரு மாவு அச்சுல வார்த்துச் செய்யறாரு. ஊருப் பல்லெல்லாம் அங்கதான் காயுது. தகட்டோட ஒரு பல்லுக்கு அவரு டாக்டர்கிட்ட வாங்கறது எத்தனை தெரியுமா? நூத்தி முப்பது ரூவா.”

அவர் நூற்று முப்பது என்று சொன்ன குரலில் பழைய ஓசை திரும்பியிருந்தது. அதுதான் எனக்குச் சினத்தை மூட்டியது.

“மிச்சம் அவரோட படிப்புக்குங்க்கா. கைக்கு, கருவிக்கு, நாற்காலிக்கு.”

“குடுக்கட்டும்னுதான் நானும் சொல்றேன். படிப்புக்கு இத்தனைன்னு சொல்லி வாங்கட்டும், குடுத்துப்போடலாம். பல்லுக்குன்னு எதுக்குச் சொல்லோணும்?”

“சரி, அந்தப் பெரியவர்கிட்டயே செஞ்சுக்க முடியுமா?”

அவர் தலை குனிந்தார். “கேட்டேன். டாக்டர் அளவு எடுத்துக் குடுத்தாத்தானாம். நேரா ஆருக்காவது செஞ்சு குடுத்தா, நாளைக்கி ஒரு டாக்டரும் அவருக்கு வேலை குடுக்க மாட்டாங்களாம். கையெடுத்துக் கும்புட்டுப் போகச் சொல்லிப்போட்டாரு.”

“அப்பறம் இது தெரிஞ்சு என்னங்க்கா பண்றது?” என் குரல் எனக்கே அன்னியமாக ஒலித்தது. “நாலு நாள் அலைஞ்சு இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா? பல்லு போச்சுங்க்கா. போனது போயிருச்சு!”

மகள் நூலை மூடினாள். அவர் நெடுநேரம் தம் சேலையில் படிந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“போச்சு. நான்தான் போக்கிப்போட்டேன். இல்லீன்னு சொல்லலை” என்றார். “அதுக்காகத் தெரியாம குடுக்கறதும் தெரிஞ்சு குடுக்கறதும் ஒண்ணாயிருமா அம்மணி?”

ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஒன்றல்ல என்பதைப் பல் வந்த நாளில் அறிந்தேன். மகள் பிடிவாதம் பிடித்ததால் அவரையும் அழைத்துப் போயிருந்தோம். இம்முறை நானே உள்ளே போனேன். அவர் வெளியே, சீட்டு எழுதும் பெண்ணின் எதிரில், மடியில் கை வைத்து அமர்ந்திருந்தார். அந்தப் பெண் அஞ்சி அஞ்சி அவரைப் பார்த்தாள். அவரோ வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் தகட்டைப் பொருத்தி, இரு பக்கமும் சீவி, கண்ணாடியை மகள் கையில் கொடுத்தார். பல் அழகாகவே இருந்தது. எங்கோ ஒரு சந்தில் ஒரு முதியவர், இவள் முகத்தைக் காணாமலே, பக்கத்துப் பல்லின் நிறத்தை இவ்வளவு சரியாகப் பிடித்திருந்தார்.

“அதுல என்னென்னங்க சேந்துது?” என்று கேட்கலாம் என்றுதான் வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் பேருந்தில் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசும் நாவுதான் இது. மருத்துவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் எண்ணூறையும் இரு கைகளாலும் நீட்டினேன். அதில் பல்லுக்கு நூற்று முப்பதுதான் என்பது இம்முறை எனக்குத் தெரிந்திருந்தது.

“ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்றேன். முன்னெப்போதையும்விடத் தாழ்ந்து, முன்னெப்போதையும்விட இனிமையாகச் சொன்னேன்.

சாலைக்கு வந்து சிறிது தூரம் நடந்தோம். பிறகு, நானும் அவரும் மட்டும் கேட்கும் அளவுக்குக் குரலை இறக்கிக் கேட்டார்:

“ஏன் அம்மணி, அந்த நன்றி தொகையிலயே சேந்ததா? இல்லீன்னா அதுக்குத் தனியா?”

என் கண்களில் நீர் பெருகியது. அது துயரத்தில் வந்த நீர் அல்ல, வெட்கத்தில் வந்தது. தோளில் வைத்த அவர் கையை உதறிவிட்டு நான் முன்னே நடந்தேன். அவர் தொடர்ந்து வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் என் மகள், வாயை மூடிக்கொண்டு, புதுப் பல்லை நாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.